தாய்மாமனைக் கேட்பது ஏன்?

காதுகுத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைப்பது நம் ஊர் வழக்கம். ஊசி இறங்கும், குழந்தை வீறிடும், சொட்டு ரத்தம் எட்டிப் பார்க்கும், பஞ்சால் ஒற்றினால் நின்றுவிடும். எங்கோ ஒரு வீட்டில் மட்டும் அது நிற்பதில்லை. மறுநாள் காலையிலும் தலையணையில் கறை இருக்கும். அல்லது தவழத் தொடங்கிய பையனுக்கு முழங்கால் உருண்டையாக வீங்கும். எங்கே அடிபட்டது என்று யாருக்கும் தெரியாது. ரத்தநோய் மருத்துவர் முழங்காலைத் தொட்டுப் பார்க்கிறார், சூடாக இருக்கிறது. பிறகு தாயின் பக்கம் திரும்பிக் கேட்கிறார்: “உங்ககூடப் பிறந்த அண்ணன் தம்பி யாருக்காவது இப்படி இருந்துச்சாம்மா? உங்கம்மாவோட அண்ணன் தம்பிங்க யாராவது சின்ன வயசுலேயே தவறிட்டாங்களா?” தகப்பனின் அண்ணன் தம்பிகளைப் பற்றி அவர் அவ்வளவாக விசாரிப்பதில்லை.

நமக்கு இனிஷியல் அப்பாவிடமிருந்து வருகிறது. குலதெய்வமும் பங்காளி உறவும் அப்பா வழியில்தான். அதனால் ‘பரம்பரை நோய்’ என்று கேட்டதுமே மனசு தகப்பன், தாத்தா, அவருடைய தகப்பன் என்று நேர்கோட்டில் ஏறிப் போகிறது. ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா என்ற இந்த நோய் அந்தக் கோட்டில் இறங்கி வருவதே இல்லை. நோயுள்ள ஆணிடமிருந்து அவன் மகளுக்குப் போகிறது, மகளிடமிருந்து பேரனுக்கு வருகிறது. நடுவில் நிற்கும் மகள் பெரும்பாலும் எந்தக் குறையும் வெளியே தெரியாமல் வாழ்கிறாள். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாத நிறக்குருடும் இதே தடத்தில்தான் போகிறது. ஜுரிச் நகரக் கண் மருத்துவர் ஹோர்னர் இந்தத் தடத்தை 1876இலேயே குடும்ப வரலாறுகளைக் கொண்டு எழுதிவைத்தார். ஏன் அப்படி என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

மனிதச் செல்லின் உட்கருவில் 46 குரோமோசோம்கள், 23 ஜோடிகளாக இருக்கின்றன. ஜோடியில் ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. 22 ஜோடிகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு இல்லை. 23ஆவது ஜோடி பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். எக்ஸில் 15 கோடிக்கு மேற்பட்ட டிஎன்ஏ எழுத்துகளும், புரதம் செய்யச் சொல்லும் சுமார் 800 மரபணுக்களும் உண்டு. ஒய்யில் எழுத்துகள் சுமார் 6 கோடி, மரபணுக்கள் நூற்றுச் சொச்சம். எக்ஸில் உள்ள மரபணுக்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஒய்யில் இணை கிடையாது. ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் 8 புரதத்துக்கான மரபணு அப்படிப்பட்டது. பெண்ணுக்கு அது இரண்டு பிரதி. ஒன்று கெட்டாலும் மற்றது கைகொடுக்கும். ஆணுக்கு இருப்பது ஒன்றே ஒன்று.

தகப்பன் மகனுக்கு ஒய்யைத் தருகிறான், ஆகவே எக்ஸைத் தர முடியாது. மகளுக்குத் தன்னிடமுள்ள ஒரே எக்ஸைத் தருகிறான். தாய், மகனோ மகளோ, தன் இரண்டு எக்ஸிலிருந்து ஒன்றைத் தருகிறாள். ஹீமோஃபிலியா உள்ள ஒருவரின் மகன்களுக்கு அந்த நோய் அவரிடமிருந்து வராது. மகள்கள் அத்தனை பேரும் கேரியர்கள், அதாவது பழுதான எக்ஸைச் சுமப்பவர்கள். கேரியரான பெண்ணுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வருவதற்குப் பாதி வாய்ப்பு. மருத்துவர் தாய்மாமனைக் கேட்டதற்குக் காரணம் இதுதான். பையனின் எக்ஸ் அவன் அம்மாவிடமிருந்து வந்தது. அதே எக்ஸின் பழைய பிரதிகளைச் சுமக்கும் ஆண்களைத் தேட வேண்டுமானால் அம்மாவின் அண்ணன் தம்பிகளிடமும் அம்மாவைப் பெற்றவளின் அண்ணன் தம்பிகளிடமும்தான் தேட வேண்டும்.

பெண் குழந்தை பிறந்தால் தாயைக் குறை சொல்லும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பனின் விந்தணு எதைக் கொண்டுவருகிறது என்பதைப் பொறுத்தது. இதை முதன்முதலில் கண்ணால் பார்த்து எழுதியவர் ஒரு பெண். நெட்டி ஸ்டீவன்ஸ் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1861இல் பிறந்தவர். பள்ளி ஆசிரியையாகச் சம்பாதித்துச் சேர்த்த பணத்தோடு 35 வயதில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தார். பிறகு பிரின் மார் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அவர் எடுத்துக்கொண்டது மாவிலும் தவிட்டிலும் வளரும் ஒரு வண்டு, அதன் புழு. அதன் செல்களை மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துக் குரோமோசோம்களை எண்ணினார். பெண் வண்டின் செல்களில் பெரிய குரோமோசோம்கள் 20. ஆணின் செல்களில் பெரியவை 19, மிகச் சிறியது 1. விந்தணுக்களைப் பார்த்தால் அவை இரண்டு வகை: ஒரு பாதியில் பத்தும் பெரியவை, மறு பாதியில் ஒன்பது பெரியவை, ஒன்று சிறியது. கருமுட்டைகள் எல்லாமே ஒரே வகை, பத்தும் பெரியவை. அப்படியானால் ஆணா பெண்ணா என்பதை எந்த விந்தணு முட்டையைச் சேர்கிறது என்பதே முடிவு செய்கிறது என்று 1905இல் எழுதினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எட்மண்ட் வில்சனும் அதே ஆண்டில் வேறு பூச்சிகளில் இதை ஒட்டிய முடிவுக்கு வந்தார். நீண்ட காலம் பாடநூல்கள் வில்சன் பெயரையே முன்னால் வைத்தன. ஸ்டீவன்ஸ் 1912இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். ஆராய்ச்சிக்குக் கிடைத்த காலம் பத்து ஆண்டுகளுக்குச் சற்று மேல். இந்தத் துறையில் அவரைவிடத் தெளிவாகப் பார்த்த கண் அன்று வேறு இருந்ததாக நான் நினைக்கவில்லை.

பிரின் மாரில் அவருக்குப் பாடம் சொன்னவர்களில் ஒருவர் தாமஸ் ஹன்ட் மார்கன். அவர் 1904இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பண்புகள் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கின்றன என்ற கருத்தை மார்கன் நம்பவில்லை. கண்ணால் கண்டால் ஒழிய எதையும் ஏற்காத மனிதர். அவருடைய ஆய்வறையில் பால் புட்டிகளில் வாழைப்பழக் கூழைப் போட்டு ட்ரோசோஃபிலா என்ற பழ ஈக்களை வளர்த்தார்கள். பழக்கடையில் அழுகும் பழத்தைச் சுற்றி மொய்க்குமே, அந்தப் பொடி ஈதான். அதன் கண் சிவப்பு. 1910இல் ஒரு புட்டியில் வெள்ளைக் கண்ணோடு ஓர் ஆண் ஈ பிறந்தது.

மார்கன் அதைச் சிவப்புக் கண் பெண் ஈக்களோடு சேர்த்தார். பிறந்தவற்றில் 1,237 சிவப்புக் கண். மூன்று ஆண் ஈக்கள் மட்டும் வெள்ளைக் கண்ணோடு பிறந்தன; அவற்றை விதிவிலக்கு என்று ஒதுக்கினார். அந்தச் சிவப்புக் கண் பிள்ளைகளைத் தமக்குள் சேர்த்ததும் அடுத்த தலைமுறை வந்தது. சிவப்புக் கண் பெண் 2,459. சிவப்புக் கண் ஆண் 1,011. வெள்ளைக் கண் ஆண் 782. வெள்ளைக் கண் பெண் ஒன்றுகூட இல்லை. மரபு விதிகளை வகுத்த மெண்டலின் கணக்குப்படி கால் பங்கு வெள்ளையாக வர வேண்டும். வெள்ளைக் கண் ஈக்கள் நோஞ்சான்கள் என்பதால் சற்றுக் குறைந்தது. ஆனால் வெள்ளை முழுவதும் ஆண்களிடம் ஏன் போய்ச் சேர்ந்தது? தாத்தாவின் வெள்ளைக் கண் மகள்களிடம் மறைந்து, பேரன்களிடம் தலைகாட்டியது. ஹோர்னர் கண் மருத்துவமனையில் பார்த்த அதே தடம் பால் புட்டிக்குள் வந்து நின்றது.

வெள்ளைக் கண் பெண்ணால் உயிர்வாழ முடியாதோ என்ற சந்தேகத்தையும் மார்கன் விட்டுவைக்கவில்லை. அந்தத் தாத்தா ஈயை அதன் சிவப்புக் கண் மகள்களோடு சேர்த்தார். சிவப்புப் பெண் 129, சிவப்பு ஆண் 132, வெள்ளைப் பெண் 88, வெள்ளை ஆண் 86. நான்கு வகையும் வந்தன. ஆக, பெண்ணுக்கும் வெள்ளைக் கண் வரலாம். அதற்கு இரண்டு பக்கமிருந்தும் அது வர வேண்டும், அவ்வளவுதான். கண் நிறத்துக்கான காரணி பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோமோடு சேர்ந்தே பயணம் செய்கிறது என்று ஏற்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. குரோமோசோமை நம்பாத மார்கனை அவருடைய ஈக்களே மாற்றின. ஓர் அறிவியலாளரிடம் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்: தன் கருத்துக்கு எதிராக வந்த எண்களை அவர் மறைக்கவில்லை, உடனே அச்சில் ஏற்றினார். 1933இல் நோபல் பரிசு அவருக்கு வந்தது.

முத்திரை வைத்தவர் அவருடைய மாணவர் கால்வின் பிரிட்ஜஸ். வெள்ளைக் கண் தாயையும் சிவப்புக் கண் தகப்பனையும் சேர்த்தால் மகள்கள் சிவப்பு, மகன்கள் வெள்ளை. ஆயிரக்கணக்கில் எண்ணும்போது எப்போதாவது ஒரு வெள்ளைக் கண் மகள் வந்துவிடும். கருமுட்டை உருவாகும்போது தாயின் இரண்டு எக்ஸும் பிரியாமல் ஒரே முட்டைக்குள் போயிருக்க வேண்டும், அந்த மகளிடம் இரண்டு எக்ஸும் ஓர் ஒய்யும் இருக்க வேண்டும் என்று பிரிட்ஜஸ் முன்கூட்டியே சொன்னார். நுண்ணோக்கியில் பார்த்தார்; அப்படியே இருந்தது. 1916இல் தொடங்கிய ‘ஜெனிடிக்ஸ்’ இதழின் முதல் கட்டுரை அதுதான். மரபணு குரோமோசோமில்தான் இருக்கிறது என்பதற்கு அதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை. இரண்டு எக்ஸும் ஓர் ஒய்யும் உள்ள ஈ பெண். அதே அமைப்புள்ள மனிதர் ஆண். ஈக்கு எக்ஸின் எண்ணிக்கைதான் கணக்கு. மனிதக் கருவில் ஒய்யில் உள்ள எஸ்ஆர்ஒய் என்ற ஒரே மரபணு ஆணாக வளரும் பாதையைத் திறந்துவிடுகிறது. அது 1990இல்தான் பிடிபட்டது.

எக்ஸ் போகும் தடத்தை ஒரு குடும்பத்தில் வைத்துப் பார்க்க விக்டோரியா ராணியின் நான்காவது மகன் லியோபோல்டு போதும். அவருக்கு ஹீமோஃபிலியா. 1884இல் கீழே விழுந்து, ரத்தக் கசிவால், 30 வயதில் இறந்தார். அப்போது அவருக்கு ஆலிஸ் என்று ஒரு மகள் இருந்தாள். மகன் அவர் இறந்த பிறகு பிறந்தான். மகனுக்கு நோய் இல்லை, அவன் வழியில் யாருக்கும் அது போகவும் முடியாது. ஆலிஸின் மகன் ரூபெர்ட் ஹீமோஃபிலியாவோடு பிறந்து, ஒரு கார் விபத்துக்குப் பின் 1928இல் இறந்தான். தாத்தா, மகள், பேரன். ராணியின் குடும்பத்தில் ஓடியது ரத்தத்தை உறைய வைக்கும் இன்னொரு புரதமான ஃபேக்டர் 9இன் குறைபாடு என்பதை, ராணியின் பேத்தியை மணந்த ரஷ்ய ஜாரின் குடும்ப எலும்புகளிலிருந்து எடுத்த டிஎன்ஏ 2009இல் காட்டியது. ராணியின் முன்னோரில் இந்த நோய்க்குத் தடயம் கிடையாது. அவர் பிறந்தபோது தகப்பனுக்கு வயது 51. தகப்பனின் விந்தணு ஒன்றில் நேர்ந்த எழுத்துப்பிழையாக அது இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இந்த இடத்தில்தான் மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் வருகிறார், பின்னாளில் இந்தியக் குடிமகனாகி 1964இல் புவனேஸ்வரத்தில் இறந்த அதே ஹால்டேன். அவர் 1935இல் ஓர் எளிய கேள்வி கேட்டார். ஊரில் உள்ள எக்ஸ்களில் மூன்றில் ஒரு பங்கு ஆண்களிடம் இருக்கிறது. ஃபேக்டர் ஊசி இல்லாத அந்தக் காலத்தில் ஹீமோஃபிலியா உள்ள ஆண்களில் பெரும்பாலோர் பிள்ளை பெறும் முன்பே இறந்தார்கள். அப்படியானால் தலைமுறைக்கு மூன்றில் ஒரு பங்கு பழுதான எக்ஸ்கள் அழிந்துகொண்டே போக வேண்டும். நோய் எப்போதோ ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. அழிகிற அளவுக்குப் புதிதாகப் பிறந்துகொண்டிருந்தால்தான் அது சாத்தியம். மனித மரபணு ஒன்று எவ்வளவு அடிக்கடி மாறுகிறது என்று அதிலிருந்து கணக்கிட்டுச் சொன்னார். அந்த மாற்றம் பெண்களிடம் நேர்வதைவிட ஆண்களிடம் பல மடங்கு அதிகமாக நேர்கிறது என்று 1947இல் சேர்த்தார்.

அவர் சரி என்பது 1993க்குப் பின் மிக நுட்பமான விதத்தில் தெரிந்தது. ஃபேக்டர் 8 குறைவதால் வரும் வகையான ஹீமோஃபிலியா ஏ கடுமையாக உள்ளவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் காணப்படும் பழுது ஒன்றே ஒன்று. ஃபேக்டர் 8 மரபணு எக்ஸின் நீண்ட கையின் நுனியில் இருக்கிறது. அதற்குள் உள்ள ஒரு துண்டின் நகல்கள் இரண்டு, சற்றுத் தள்ளி நுனிப்பக்கம் கிடக்கின்றன. பெண்ணின் உடலில் முட்டை உருவாகும்போது இரண்டு எக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நீளவாக்கில் ஒட்டி நிற்கும். ஆணின் உடலில் விந்தணு உருவாகும்போது எக்ஸின் அந்த நுனிக்கு ஒட்டி நிற்க ஜோடி இல்லை. அது தன்மேலேயே மடங்கி, உள்ளே உள்ள துண்டும் வெளியே உள்ள நகலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அந்த இடத்தில் அறுந்து மாறி ஒட்டினால் மரபணு இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி தலைகீழாகத் திரும்பிவிடுகிறது. இந்தப் பழுது ஏறக்குறைய எப்போதும் ஆண்களின் விந்தணுவில்தான் தோன்றுகிறது.

இதை ஒரு குடும்பத்துக்குள் வைத்துப் பாருங்கள். நோயோடு பிறந்த பையனின் எக்ஸ் தாயிடமிருந்து வந்தது. தாய் கேரியர். “உன் வயிற்றில் பிறந்ததால்தான் இப்படி” என்று அவளைச் சொல்லாத வீடு குறைவு. ஆனால் பழுது தோன்றியது பல நேரங்களில் அவளைப் பெற்ற தகப்பனின் விந்தணு ஒன்றில். அந்தத் தகப்பனுக்கு நோய் கிடையாது. அவருடைய ரத்தத்தைச் சோதித்தாலும் ஒன்றும் தெரியாது. அவர் செய்த தவறும் அல்ல. ஹீமோஃபிலியா கண்டறியப்படும் குடும்பங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கில் அதற்கு முன் யாருக்கும் நோய் இருந்ததில்லை. தாய்மாமன் பற்றிய கேள்விக்கு “யாருக்கும் இல்லைங்க” என்று பதில் வந்தால், அதனால் நோய் இல்லை என்றாகிவிடாது.

“சொந்தத்தில் கட்டியதால்தான் வந்தது” என்பது நம் ஊரில் சொல்லும் அடுத்த காரணம். சொந்தத் திருமணம் வேறு பல மரபுநோய்களின் வாய்ப்பைக் கூட்டுவது உண்மை. ஆனால் மகனின் எக்ஸ் முழுக்கத் தாய் தந்தது. அவள் கட்டியவர் உறவா அயலா என்பது அந்த எக்ஸை மாற்றாது. எக்ஸில் உள்ள நோயோடு ஒரு மகன் பிறப்பதற்கும் சொந்தத் திருமணத்துக்கும் தொடர்பில்லை.

மகள்கள் விஷயம் வேறு. மாமன் மகளும் முறைப்பெண், அத்தை மகளும் முறைப்பெண். மற்ற 22 ஜோடிகளுக்கும் இரண்டும் ஒன்றுதான்: பிறக்கும் குழந்தைக்கு ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 16இல் 1. எக்ஸுக்கு அப்படி இல்லை. அத்தை அப்பாவின் உடன்பிறந்தவள். அப்பா மகனுக்கு எக்ஸ் தருவதில்லை என்பதால் அத்தை மகளோடு அவனுக்கு எக்ஸ் வழி உறவே கிடையாது. அந்த வாய்ப்பு பூஜ்யம். மாமன் மகளைக் கட்டினால், அம்மாவின் எக்ஸ் ஒருபுறமும் அவள் உடன்பிறந்தானின் எக்ஸ் மறுபுறமும் வந்து சேர்கின்றன. பிறக்கும் மகளுக்கு வாய்ப்பு 8இல் 1. அக்காள் மகளைக் கட்டினாலும் 8இல் 1தான். உறவுமுறையில் சமமாக வைத்த இரண்டு பெண்களை எக்ஸ் இவ்வளவு தூரம் பிரித்து வைப்பதைப் பார்த்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்குவதில்லை.

இதில் நடைமுறைப் பொருளும் உண்டு. ஹீமோஃபிலியா உள்ள ஒருவருக்கு அக்காள் மகளைப் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தாய் கேரியராக இருந்தால் அக்காள் கேரியராக இருக்கப் பாதி வாய்ப்பு, அக்காள் மகளுக்குக் கால் வாய்ப்பு. அந்தப் பெண் கேரியராக இருந்தால், பிறக்கும் மகளுக்கே நோய் வர ஒவ்வொரு முறையும் பாதி வாய்ப்பு. நிச்சயதார்த்தத்துக்கு முன் ஒரு ரத்தச் சோதனை இதைச் சொல்லிவிடும்.

கேரியர் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று பழைய நூல்கள் எழுதியதும் சரியில்லை. கறுப்பும் ஆரஞ்சும் திட்டுத் திட்டாகக் கலந்த பூனையைக் கவனியுங்கள். அது ஏறக்குறைய எப்போதும் பெண் பூனை. ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸில் இருக்கிறது. கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றைச் சுருட்டி வாயடைத்துவிடுகிறது. எதை அடைப்பது என்பது குருட்டாம்போக்கு. அந்தச் செல்லின் வாரிசுகள் எல்லாம் அதே தேர்வைக் காப்பாற்றும். அதனால் ஒரு திட்டு கறுப்பு, ஒரு திட்டு ஆரஞ்சு. 1961இல் மரபியலாளர் மேரி லயன் எலிகளை வைத்து இதைச் சொன்னார். 2001இல் டெக்சாஸில் மூன்று நிறப் பூனை ஒன்றின் ஒற்றைச் செல்லிலிருந்து குளோன் செய்த குட்டியிடம் ஆரஞ்சு வரவே இல்லை. எடுத்த செல்லில் ஆரஞ்சு எக்ஸ் ஏற்கெனவே அடைபட்டிருந்தது.

ஃபேக்டர் 8 உருவாவது பெரும்பாலும் கல்லீரலில். கேரியர் பெண்ணின் கல்லீரல் செல்களிலும் இதே குருட்டுத் தேர்வு நடந்திருக்கிறது. சராசரியாகப் பாதி அளவு ஃபேக்டர் இருக்கும். நல்ல எக்ஸ் அதிகம் அடைபட்டுப்போன பெண்ணுக்கு 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். இந்த அளவை மருத்துவம் லேசான ஹீமோஃபிலியா என்றே கணக்கில் வைக்கிறது. மாதவிலக்கில் நாள்கணக்கில் பெரும்போக்கு, பல் பிடுங்கினால் நிற்காத ரத்தம், பிரசவத்துக்குப் பின் தொடரும் கசிவு. “எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு எல்லாம் அப்படித்தான்” என்று அம்மாவும் பாட்டியும் சொல்லி, இரும்புச்சத்து மாத்திரையோடு காலம் தள்ளும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தேவைப்பட்டது ஒரு ஃபேக்டர் சோதனை.

சிகிச்சையில் புதிய செய்தி நம் பக்கத்திலிருந்தே வந்திருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ள ஐந்து பேரின் ரத்த மூலச் செல்களை எடுத்து, நோய் தராதபடி மாற்றிய ஒரு வைரஸின் மூலம் அவற்றுக்குள் ஃபேக்டர் 8 மரபணுவை ஏற்றி, திரும்பச் செலுத்தினார்கள். அதற்குப் பிறகான கண்காணிப்புக் காலத்தில் ஐந்து பேருக்கும் ரத்தக் கசிவே ஏற்படவில்லை என்று 2024 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்டது. இளமையிலிருந்து வாரக்கணக்கில் வீங்கிய முழங்காலோடு படுத்துக் கிடந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அந்த வீடுகளில் இருப்பவர்களே அறிவார்கள்.

இந்தச் சிகிச்சை ரத்தச் செல்களுக்குள் நல்ல மரபணுவைச் சேர்க்கிறது. விந்தணுவில் உள்ள எக்ஸ் பழையபடியே இருக்கிறது. குணமானவர் இனி ஃபேக்டர் ஊசி போட்டுக்கொள்ளாமல் வாழலாம். அவருக்குப் பிறக்கும் மகள்கள் எல்லோரும் அப்போதும் கேரியர்கள்தான். வீட்டில் நோயின் அடையாளமே இல்லாமல் வளரும் அந்தப் பெண்களுக்கு இதைச் சொல்லி வைத்தாக வேண்டும். பூப்பெய்தும் முன் ஃபேக்டர் அளவைப் பார்த்துவிடுவது நல்லது. கர்ப்பம் தரித்தால் முதல் மாதங்களிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கருவின் பாலை அறிந்து சொல்வதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டமே, பாலோடு இணைந்த மரபுநோய் கருவுக்கு இருக்கிறதா என்று கண்டறியும் சோதனைக்கு இடம் தருகிறது.